ஈஸ்னோபீலியா: எண்ணிக்கைக்கு வைத்தியம் வேண்டாம்!

"ராத்திரியானா ஒரே இருமல்... ஈஸ்னோபீலியாவாம்!" புதுவை காலாப்பட்டிலிருந்து கன்னியாகுமரி வரை இந்த வார்த்தை தெரியாத வீடே கிடையாது. ஆனால், அது நோயின் பெயரல்ல, ஓர் அடையாளம்தான். அதை மறந்துவிடுவதில்தான் வம்பே ஆரம்பிக்கிறது.

ஈஸ்னோபில் என்பது வெள்ளை அணுக்களில் ஒரு வகை. இயோசின் என்ற சிவப்புச் சாயத்தை இழுத்துக்கொள்வதால் வந்த பெயர். 1879-ல் இதை அடையாளம் காட்டியவர் ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக். எலும்பு மஜ்ஜையில் சுமார் ஒரு வாரத்தில் பக்குவமாகும். சில மணி நேரம் ரத்தத்தில் சுற்றும். பிறகு குடல் போன்ற திசுக்களுக்குக் குடிபோய்விடும். புழு மாதிரி விழுங்க முடியாத பெரிய எதிரி வந்தால், அதன்மேல் விஷப் புரதங்களைக் கொட்டும். சிலருடைய உடம்போ வெறும் தூசிக்கே இந்தப் படையை அழைத்துவிடும். அப்போது அதே விஷம் நம் மூச்சுக்குழாயையே புண்ணாக்கும். ஆஸ்துமாக்காரர்கள் பலருக்கு நடப்பது இதுதான்.

1940-ல் மதனப்பள்ளி காசநோய் சானடோரியத்து டாக்டர்கள், டி.பி. போலவே இருந்தும் டி.பி. அல்லாத ஒரு நோயைப் பற்றி எழுதினார்கள். அந்த நோயாளிகளுக்கு ஈஸ்னோபில் எகிறியிருந்தது. யானைக்கால் கிருமியின் குஞ்சுகளோடு நுரையீரல் போடும் சண்டை அது என்பது பிற்பாடுதான் புரிந்தது. இதில் எண்ணிக்கை 3,000-ஐத் தாண்டும். டி.இ.சி. மாத்திரைக்கு நன்றாகக் கேட்கும். கவனிக்காமல் விட்டால் நுரையீரலில் தழும்பு விழும். யானைக்காலைப் பரப்பும் சாக்கடைக் கொசு புதுவைக்குப் புதிதல்ல. கொசு போன்ற நோய் பரப்பும் பூச்சிகளை ஆராய, 1975-லேயே இங்கே ஒரு மத்திய ஆராய்ச்சி மையம் வந்துவிட்டது.

அதற்காக, இருமுகிறவர்கள் எல்லாம் மருந்துக் கடையில் அந்த மாத்திரையை வாங்கி விழுங்கலாமா? கூடவே கூடாது என்பேன். சதவீதத்தைப் பார்த்தும் பயப்படாதீர்கள். மொத்த வெள்ளை அணுக்கள் 6,000, அதில் 7 சதவீதம் ஈஸ்னோபில் என்றால் 420தான். 500 வரை சாதாரணம்!

உண்மையிலேயே கூடியிருந்தால், "ஏன் கூடியிருக்கு டாக்டர்?" என்று கேளுங்கள். தூசியா, குடல் புழுவா, சாப்பிடுகிற வேறு மருந்தா, யானைக்கால் கிருமியா? ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. சீக்கிரம் குறையட்டும் என்று ஸ்டீராய்டை நீங்களாகப் போட்டுக்கொள்வது விபரீதம். சிலவகைப் புழு உள்ளே இருந்தால், அது பல்கிப் பெருகி உயிருக்கே உலை வைத்துவிடும்.

வாசலில் நாய் குரைத்தால் நாயையா அடிப்பீர்கள்? யார் வந்திருப்பது என்றுதானே பார்ப்பீர்கள்!