படம் இருக்கிறது, பெயர் எங்கே?

தாலாட்டுப் பாடும் பாட்டி ஒருவரின் நிழற்படம் எங்கள் தமிழ்த்துறையில் இருக்கிறது. கோயில் கொடைக்கு வந்த இடத்தில், பந்தற்காலில் சாய்ந்து அமர்ந்திருக்கிறார். மடியில் சுருக்குப்பை. அவர் பாடியதன் ஒலிப்பதிவும் இருக்கிறது. பெயர் மட்டும் தெரியவில்லை. சென்ற ஆண்டு வரை தெரிந்திருந்தது. படங்களைப் பேணுவதற்கென்று வைத்திருந்த மென்பொருள் ஒன்று, ஒரு புதுப்பிப்புக்குப் பின் முடங்கியபோது அந்தப் பெயர் எங்கள் கையை விட்டுப் போயிற்று.

நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். வாய்மொழிப் பாடல் திரட்டச் செல்லும் முதுகலை மாணவர்கள், பாடியவர்களைப் படமெடுத்து வந்து துறைக் கணினியில் ஏற்றுவார்கள். ஒவ்வொரு படத்துக்கும் பாடியவரின் பெயர், ஊர், பாடலை யாரிடம் கற்றார் என்ற விவரம் ஆகியவற்றை அம்மென்பொருளின் குறிப்புக் கட்டத்தில் தட்டச்சு செய்வார்கள். பல ஆண்டுகளாக இப்படியே நடந்து வந்தது. ஒருநாள் காலை ‘புதிய பதிப்பு வந்துள்ளது’ என்ற அறிவிப்பைக் கண்டு, யோசனையின்றிச் சம்மதம் தந்தோம். அதன்பின் மென்பொருளைத் திறந்தால் முத்திரைப் படம் தோன்றும். இரண்டு நொடியில் தானே மறையும். எத்தனை முறை திறந்தாலும் அதே கதைதான்.

எல்லோரும் சொல்லும் வைத்தியத்தையே நாங்களும் முதலில் எண்ணினோம்: நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது. நல்லவேளையாகக் கணினி ஆய்வக உதவியாளர் வந்து சேர்ந்தார். “ஐயா, எதையும் அழிச்சிடாதீங்க. முதல்ல இருக்கிறதை அப்படியே ஒரு நகல் எடுத்துப்போம்” என்றார். ஏடு பெயர்த்து எழுதுகிறவர் சொல்ல வேண்டிய சொல் அது.

அவர் விளக்கிய பிறகே எங்களுக்கு ஓர் உண்மை புரிந்தது. இத்தகைய மென்பொருள்களில் படங்கள் ஓரிடத்திலும், அவற்றைப் பற்றிய குறிப்புகள் வேறோரிடத்திலும் இருக்கின்றன. படங்கள் வன்தட்டின் கோப்புறைகளில் கிடக்க, குறிப்புகள் ‘அட்டவணை’ எனப்படும் தனியொரு தரவுத்தளக் கோப்பில் சேர்கின்றன. லைட்ரூம் கிளாசிக், டிஜிகேம் போன்ற பெயர்பெற்ற மென்பொருள்களும் எஸ்க்யூலைட் என்னும் தரவுத்தள முறையில்தான் அட்டவணையை அமைக்கின்றன. புதிய பதிப்பு வரும்போது, அது பழைய அட்டவணையைத் தன் புதிய அமைப்புக்கு மாற்றி எழுத முற்படுகிறது. அந்த வேலை பாதியில் நின்றால் மென்பொருள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இடறி விழும். மறுபடி நிறுவுவதால் பயனில்லை. நிரல்தான் புதிதாகுமேயன்றி, பழுதான அட்டவணை பெரும்பாலும் பயனர் கோப்புறையில் அப்படியே கிடக்கும்.

உதவியாளர் ஒழுங்கு பிசகாமல் வேலை செய்தார். அட்டவணையை மட்டுமன்றி, அதே பெயரோடு வால் ஒட்டியதுபோல் அருகில் கிடந்த சிறு கோப்பையும் சேர்த்து நகலெடுத்தார். பாதியில் நின்ற மாற்றத்தைச் சரிசெய்யும் குறிப்பு அதில் இருக்கலாம். குப்பையென்று அழித்தால் பழுது பெருகும் என்றார். அடுத்து, வெற்று அட்டவணை ஒன்றைக் கொடுத்து மென்பொருளைத் திறந்தார். திறந்தது. எனவே நோய் நிரலில் இல்லை என்று உறுதியாயிற்று. சிறுபடங்கள் சேமிக்கப்படும் கோப்பின் பெயரை மாற்றிப் பார்த்தார். அது போனாலும் மூலப்படங்களிலிருந்து மென்பொருள் புதிதாக ஆக்கிக்கொள்ளும். அதிலும் குணமில்லை. பழைய பதிப்பை நிறுவினார்; ‘இது புதிய பதிப்பில் எழுதப்பட்ட அட்டவணை’ என்று அது திறக்க மறுத்தது. எங்களிடம் இருந்த காப்புநகலோ நான்கு மாதம் பழையது. இறுதியில், நகலிலிருந்து படிக்கக்கூடிய வரிகளையெல்லாம் உருவி எடுத்துப் புதிய அட்டவணை ஒன்றில் சேர்த்தார். இரண்டு நாளாயிற்று. நாற்பத்து மூன்று படங்களின் குறிப்புகள் தவிர மற்றவை மீண்டன.

அந்த நாற்பத்து மூன்றையும் மாணவர்களின் கையெழுத்துக் குறிப்பேடுகளைக் கொண்டு நிரப்பினோம், பாட்டியின் படத்தைத் தவிர. அதை எடுத்த மாணவர், கணினியில் ஏற்றியாயிற்றே என்று குறிப்பேட்டைப் பழைய தாள்களோடு போட்டுவிட்டார். படம் எடுத்த நாளும் மணியும் தெரியும்; அவற்றைக் கேமரா தானாகவே படக் கோப்புக்குள் எழுதியிருந்தது. அதனால் எந்தக் கோயில் கொடை என்பதும் தெரிந்தது. ஆனால் அந்தக் கொடைக்குச் சுற்றுவட்டாரத்து ஊரெல்லாம் வரும். பாட்டி எந்த ஊரோ? இயந்திரம் தன் குறிப்பைப் படத்தின் உள்ளே வைத்தது. நாங்கள் எங்கள் குறிப்பை வெளியே வைத்தோம். இழப்பின் காரணம் அவ்வளவுதான்.

ஆகவே நாம் சொல்ல வருவது இது: படத்தைப் பற்றிய குறிப்பு படத்தோடு இருக்க வேண்டும், மென்பொருளோடு அன்று. இதற்கு வழி நெடுநாளாகவே உண்டு. 2001-இல் அடோபி நிறுவனம் அறிமுகப்படுத்திய எக்ஸ்எம்பி என்னும் முறை, 2012-இல் பன்னாட்டுத் தர நிர்ணயமாகவும் ஏற்கப்பட்டது. பெயர், இடம், விளக்கம் ஆகியவற்றை அது படக் கோப்புக்குள்ளேயே, அல்லது அருகில் ஒரு துணைக் கோப்பில் எழுதி வைக்கும். தமிழில் எழுதுவோர் இதில் ஒன்றைக் கருத வேண்டும். கேமராக்கள் பயன்படுத்தும் எக்ஸிஃப் முறையின் விளக்கக் கட்டம் ஆங்கில எழுத்துகளை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. அதில் தமிழை இட்டால் சில மென்பொருள்களில் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரியும். எக்ஸ்எம்பியோ ஒருங்குறியில் அமைவது, தமிழ் சிதையாது. ஆனால் இந்த வசதியை நாமேதான் தேடி இயக்க வேண்டும். லைட்ரூம் கிளாசிக்கில்கூட மாற்றங்களைத் தானாக எக்ஸ்எம்பியில் எழுதும் தெரிவு தொடக்கத்தில் அணைந்தே இருக்கிறது.

மூலக் கோப்பில் எழுதுவது ஆபத்தல்லவா என்று சிலர் கேட்பார்கள். எழுதும்போது மின்சாரம் போனால் படமே கெடலாம் என்ற அச்சம் நியாயமானது. அதற்குத்தான் துணைக் கோப்பு; அதற்குத்தான் வேறொரு தட்டில் இரண்டாம் நகல். படத்தை வெளியாருக்கு அனுப்பினால் பெயரும் ஊரும் கூடவே போய்விடுமே என்பது இன்னும் முக்கியமான ஆட்சேபம். வெளியே தரும் நகலில் அவற்றை நீக்கித் தருவதே முறை. புதுப்பிப்பே வேண்டாம் என்பாரும் உளர். பாதுகாப்புக் குறைகளை அடைக்கவும் புதுப்பிப்புகள் வருவதால் அதை நாங்கள் ஏற்கவில்லை. அட்டவணையின் நகலை எடுத்த பிறகு புதுப்பிப்பதே நன்று.

பெரிய நிறுவனத்தின் பொருள்தானே, கெடாது என்றும் இருந்துவிட இயலாது. 2020 ஆகஸ்டில் ஐபோன், ஐபேட் கருவிகளுக்கான லைட்ரூம் செயலியின் ஒரு புதுப்பிப்பு, மேகக்கணியில் சேராதிருந்த படங்களை அழித்தது. அவற்றை மீட்க இயலாதென்று அந்நிறுவனமே கூறி வருந்தியது. பலரும் விரும்பிய பிகாசாவைக் கூகுள் 2016-இல் கைவிட்டது. ஆப்பிளின் அப்பர்ச்சர் 2019-இல் வந்த இயங்குதளத்திலிருந்து திறப்பதே இல்லை. மென்பொருளின் ஆயுள் சில ஆண்டுகள். பாடலுக்கும் பாடியவர் முகத்துக்கும் நாம் வேண்டுவது அதனினும் நீண்ட ஆயுள்.

முதல் ஓலையும் கடைசி ஓலையும் உதிர்ந்த ஏட்டில் நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் போய்விடும் என்பதைத் தமிழ் படித்த நாம் நன்கறிவோம். குறுந்தொகையில் பெயர் கிட்டாத புலவர்களை அவரவர் பாட்டின் தொடராலேயே செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார் என்று அழைத்தார்கள். பெயர் போனாலும் பாட்டு அவர்களுக்கு ஒரு பெயரைத் தந்தது. எங்கள் பாட்டி பாடிய தாலாட்டோ ஊருக்கு ஊர் பலர் பாடுவது. அதைக் கொண்டு அவருக்கு எப்படிப் பெயரிடுவது?

இப்போது எங்கள் துறையில் குறிப்பேடுகளை எறிவதில்லை. படத்தை ஏற்றும் அன்றே பெயர் அதனுள் எழுதப்படுகிறது. பாட்டியின் படத்தை அச்சிட்டு வைத்திருக்கிறோம். அடுத்த கொடைக்குச் செல்லும் மாணவர்கள் அதைக் கையில் எடுத்துப் போவார்கள். பந்தலில் யாரேனும் அடையாளம் கண்டு பெயர் சொல்லக்கூடும்.