‘ஜம்ப்’ கொடுத்தா வண்டி ஓடும்... மாத்திக் கொடுத்தா பர்ஸ் காலி! உழவர்கரையில் மழைக்கால பேட்டரி தலைவலி

உழவர்கரை பக்கம் ரெண்டு நாள் விடாமல் மழை அடித்தால் போதும். மூன்றாம் நாள் காலையில் ரெட்டியார்பாளையம், மூலக்குளம், லாஸ்பேட்டை தெருக்களில் ஒரே சத்தம்தான் கேட்கும். ‘டிக்... டிக்... டிக்...’ சாவியைத் திருப்பினால் கார் கிளம்பாது. டேஷ்போர்டு விளக்கு மங்கி மங்கி எரியும். பேட்டரி படுத்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த வழியாக வரும் காரை கை காட்டி நிறுத்துவார்கள். ‘‘அண்ணே, ஒயர் இருக்கா? ஒரு ஜம்ப் குடுங்கண்ணே’’ என்பார்கள். நம்மூர் மனுஷங்க உதவி கேட்டால் மறுப்பதில்லை. ஆனால் சிகப்பு ஒயர் எங்கே, கறுப்பு ஒயர் எங்கே என்பதில் ஒரு சின்ன தப்பு நடந்தால், உதவி கேட்டவர் காரும் போச்சு, சில நேரம் உதவ வந்தவர் காரும் போச்சு. வாடகைக் கார் ஓட்டி அன்றாடம் சம்பாதிக்கும் டிரைவருக்கு இது ஒரு நாள் நஷ்டம் இல்லை. மாதத் தவணையே ஆட்டம் கண்டுவிடும்.

பெஞ்சல் கற்றுக்கொடுத்த பாடம்

2024 நவம்பர் 30-ந்தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டி மீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. 2004 அக்டோபர் 31-ந்தேதி பெய்த 21 சென்டி மீட்டர்தான் அதுவரை பெரிய மழையாக பேசப்பட்டது. அதைப்போல இரண்டு மடங்கு! கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்துதான் மக்களை மீட்டது. வீட்டு வாசலில் நின்ற கார்கள் சீட் வரை தண்ணீரில் மூழ்கின.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய கார் வேறு, சும்மா நின்று பேட்டரி இறங்கிய கார் வேறு. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

தண்ணீரில் நின்ற காருக்கு ஜம்ப் கொடுத்து ஸ்டார்ட் செய்வது கொள்ளியை எடுத்து தலையைச் சொறிவது போல. காற்று போகும் வழியாக என்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியுமா? பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீர் இடம் கொடுக்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். என்ஜினைப் பிரித்து வேலை பார்க்கத்தான் வேண்டும். ஒயர் இணைப்புகளில் ஈரம் இருக்கும்போது கரண்ட் கொடுத்தால் கம்ப்யூட்டர் பெட்டியும் காலியாகும்.

இன்சூரன்ஸ் விஷயமும் இருக்கிறது. வெறும் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் வெள்ளச் சேதத்துக்கு காலணா கிடைக்காது. முழு காப்பீடு இருந்தாலும், தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்ததால் என்ஜின் உடைந்தது என்று தெரிந்தால் பெரும்பாலும் கையை விரித்துவிடுவார்கள். அதற்கு ‘என்ஜின் புரொடெக்ட்’ என்று தனியாக பணம் கட்டியிருக்க வேண்டும். ஆகவே மூழ்கிய காரில் சாவியைத் தொடாமல், தண்ணீர் வடிந்ததும் நாலு போட்டோ எடுத்து, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழட்டிவிட்டு, கட்டி இழுக்கும் வண்டிக்கு சொல்வதுதான் வழி.

வெயிலில் செத்து மழையில் விழும்

மழைக்காலத்தில் மட்டும் ஏன் இத்தனை பேட்டரி படுக்கிறது? உண்மையில் அது சாகிறது வெயிலில். அக்னி நட்சத்திர வெயிலில் பானெட்டுக்கு அடியில் வேகும்போதே பேட்டரிக்குள் தண்ணீர் வற்றி, தகடுகள் அரிக்கப்பட்டு, பாதி உயிர் போய்விடும். வெளியே தெரியாது. கார்த்திகை மழையில் வைப்பர், ஹெட்லைட், புளோயர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, நெரிசலில் ஊர்ந்து போகும்போது மிச்ச உயிரும் போகும். நம்மூர் உப்புக்காற்று வேறு. முனைகளில் வெள்ளையும் பச்சையுமாக பூத்துக் கிடக்கும். சில கார்களில் பேட்டரி நன்றாகவே இருக்கும், அந்தப் பூப்புதான் கரண்டை மறிக்கும். சமையல் சோடாவை வெந்நீரில் கலந்து கழுவி, முனையை இறுக்கினால் வண்டி ஜம்மென்று கிளம்பும். இதற்குப் போய் புது பேட்டரி வாங்கியவர்கள் உண்டு.

கார் சும்மா நின்றாலும் கரண்டைத் தின்றுகொண்டேதான் இருக்கும். கடிகாரம், பூட்டு, அலாரம் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் வரை போவது சாதாரணம். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர். சின்ன காரில் இருக்கும் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி இரண்டே வாரத்தில் பாதியாகிவிடும். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது நிறுத்திய கார்கள் கிளம்பாமல் அடம்பிடித்தது இதனால்தான். கதவு சரியாக மூடாமல் உள்ளே 5 வாட் விளக்கு எரிந்தால் மூன்றரை நாளில் துடைத்து எடுத்துவிடும். ஹெட்லைட்டை அணைக்க மறந்தால் நாலு மணி நேரம்கூட தாங்காது.

வாடகைக் கார்களில் கூடுதல் தொல்லை. ஜி.பி.எஸ். கருவி, கேமரா, கலர் கலராக எல்.இ.டி. விளக்கு, பெரிய ஸ்பீக்கர் என்று எல்லாவற்றையும் பேட்டரியில் இருந்து நேராக இழுத்து மாட்டியிருப்பார்கள். சாவியை எடுத்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் பியூஸ்கூட இருக்காது. பேட்டரி இறங்குவது சின்ன கவலை, தீப்பிடிப்பதுதான் பெரிய கவலை.

மாத்தி மாட்டினால் என்ன ஆகும்?

சரி, ஒயர் மாறிப்போனால் அப்படி என்னதான் நடக்கிறது?

காரின் ஒரு பேட்டரி 12 வோல்ட். நல்ல காரின் பிளஸ்சை செத்த காரின் பிளஸ்சோடு சேர்க்க வேண்டும். மாறி மைனஸ்சோடு சேர்த்துவிட்டால் செத்த காரின் ஒயரிங்குக்குள் கரண்ட் தலைகீழாகப் பாயும். ஆல்டர்நேட்டருக்குள் டயோடு என்று ஒரு சாமான் இருக்கிறது. ஒருவழிப் பாதை மாதிரி, கரண்டை ஒரு பக்கம் மட்டும்தான் விடும். தலைகீழாக கரண்ட் வந்தால் அந்தக் கதவு முழுதாகத் திறந்து, நேரடி ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். ஒயரில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும். ஒயர் உருகும், பொறி பறக்கும்.

அதிர்ஷ்டம் இருந்தால் மெயின் பியூஸ் முதலில் போய்விடும். அதை மாற்றினால் தப்பித்தது. அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் டயோடு, ஆடியோ செட், கடைசியில் என்ஜினை ஆட்டிவைக்கும் இ.சி.எம். வரை போய்விடும். இதெல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிடும். ‘‘உடனே எடுத்துட்டேனே’’ என்று சொல்லிப் பயனில்லை.

அந்தக்கால அம்பாசிடரில் இப்படி மாத்தி மாட்டினால் கம்ப்யூட்டர் போய்விடுமோ என்ற பயம் இல்லை. அதில் கெடுவதற்கு கம்ப்யூட்டரே கிடையாது. அந்தக் கார் உற்பத்தி 2014-லேயே நின்றுபோனது. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 கார்களில் என்ஜின், பிரேக், ஏர்பேக், கதவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்னணுப் பெட்டி. ஆனால் ரோட்டோரம் ஜம்ப் கொடுக்கும் பழக்கம் மட்டும் அம்பாசிடர் காலத்திலேயே நிற்கிறது.

லாரியிடம் கரண்ட் கேட்காதீங்க

மேட்டுப்பாளையம் கனரக வாகன முனையம் பக்கம் கார் நின்றுவிட்டால் சுற்றிலும் லாரிகள்தான். லாரி பேட்டரி பெருசு, பவரா இருக்கும் என்று ஒயரை மாட்டினால் கதை முடிந்தது. பெரிய லாரிகளில் இரண்டு பேட்டரியை வரிசையாகச் சேர்த்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். அதை 12 வோல்ட் காருக்கு கொடுத்தால் பல்பு முதல் கம்ப்யூட்டர் வரை எல்லாம் பொசுங்கும். சின்ன யானை போன்ற லோடு வண்டிகள் 12 வோல்ட்தான், அதில் எடுக்கலாம். சந்தேகம் இருந்தால் பேட்டரி எத்தனை என்று பார்த்துவிட்டு மாட்டுவது நல்லது.

சில பட்டறைகளில் இன்னொரு வித்தை உண்டு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி முனையைக் கழட்டிப் பார்ப்பார்கள். என்ஜின் நிற்காமல் ஓடினால் ‘‘டைனமோ ஓகே’’ என்பார்கள். இதைவிட மோசமான சோதனை கிடையாது. ஆல்டர்நேட்டர் தள்ளும் கரண்டை வாங்கிக்கொள்ள பேட்டரி இல்லாதபோது, கண் இமைக்கும் நேரத்துக்கு வோல்டேஜ் எகிறும். 14-ல் நிற்க வேண்டியது பல மடங்காகப் போகும். அந்த ஒரு அடி போதும். பத்தாயிரக்கணக்கில் விலை உள்ள பெட்டியை வைத்து விளையாடுவதற்கு பதில், சில நூறு ரூபாய் மல்டிமீட்டரை முனைகளில் வைத்தால் விஷயம் தெரிந்துவிடும். வண்டி நிற்கும்போது 12.6 காட்டினால் பேட்டரி நிறைவாக இருக்கிறது. 12-க்கு கீழே போனால் காலி. ஓடும்போது 13.8-ல் இருந்து 14.7 வரை காட்டினால் ஆல்டர்நேட்டர் வேலை செய்கிறது.

எப்படித்தான் கொடுப்பது?

இரண்டு காரும் ஒன்றை ஒன்று தொடாமல் நிற்கட்டும். இரண்டும் ஆப். சிகப்பு ஒயரை முதலில் செத்த காரின் பிளஸ்சில், பிறகு நல்ல காரின் பிளஸ்சில். கறுப்பு ஒயரை நல்ல காரின் மைனஸ்சில் மாட்டி, அதன் மறுமுனையை செத்த காரின் பேட்டரியில் மாட்டாமல், தள்ளி இருக்கும் என்ஜின் இரும்பில் பெயின்ட் இல்லாத இடத்தில் கவ்வ வேண்டும்.

ஏன் பேட்டரியில் மாட்டக்கூடாது? கடைசி இணைப்பில்தான் பொறி வரும். பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு கசியும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே அது வெடிக்கும். பேட்டரி வெடித்தால் ஆசிட் முகத்தில்தான் அடிக்கும். பக்கத்தில் நின்று பீடி பிடிப்பவரையும் தள்ளிப் போகச் சொல்ல வேண்டும். ஆசிட் பட்டுவிட்டால் நிறைய தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், கண்ணில் பட்டால் இன்னும் வேகமாக.

நல்ல காரை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு செத்த காரை முயற்சி செய்யலாம். ஒரு தடவைக்கு பத்து நொடிக்கு மேல் சாவியைப் பிடிக்கக்கூடாது. கிளம்பியதும் அந்தக் காரில் புளோயரைப் போட்டுவிட்டு, மாட்டியதற்கு நேர் தலைகீழ் வரிசையில், என்ஜின் இரும்பில் உள்ள கறுப்பை முதலில் எடுக்க வேண்டும்.

ஒயர் மெலிசாக இருந்தால் இத்தனையும் வீண். ஸ்டார்ட்டர் நூறு, இருநூறு ஆம்பியர் இழுக்கும். டீசல் வண்டி அதற்கும் மேலே கேட்கும். ரோட்டோரம் விற்கும் மலிவு ஒயரில் ரப்பர்தான் தடிமன், உள்ளே கம்பி நூல் மாதிரி இருக்கும். பிடித்தால் கை சுடும். வீங்கிய, விரிசல் விட்ட பேட்டரிக்கு எந்த ஒயரிலும் ஜம்ப் வேண்டாம். எலெக்ட்ரிக், ஹைபிரிட் கார்களில் ஆரஞ்சு நிற ஒயர் பக்கமே கை போகக்கூடாது.

தள்ளி ஸ்டார்ட் செய்வது? கியர் வண்டியில் அவசரத்துக்கு ஒரு தடவை சரி. ஆட்டோமேட்டிக் கியர் காரை இந்திரா காந்தி சிலையில் இருந்து வில்லியனூர் வரை தள்ளினாலும் கிளம்பாது.

கிளம்பிவிட்டது என்று நிம்மதி அடைகிறவர்கள் மறுநாள் காலையில் மறுபடியும் ‘டிக் டிக்’ கேட்கிறார்கள். மூலக்குளத்தில் இருந்து மார்க்கெட் வரை போய் வந்தால் பேட்டரி நிறையாது. முழுக்க இறங்கியதை கடையில் சார்ஜரில் போட்டு மெதுவாக ஏற்ற வேண்டும். இறங்கிய நிலையிலேயே விட்டால் தகட்டில் உப்பு படிந்து மீளாது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், 2025 செப்டம்பர் 22 முதல் கார் பேட்டரிக்கு ஜி.எஸ்.டி. 28-ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய பேட்டரியில் பாதிக்கு மேல் ஈயம், அதற்கு கடைக்காரர் விலை கழிக்க வேண்டும். பழைய இரும்புக்காரரிடம் போட்டால் பின்பக்கம் உடைத்து ஆசிட்டை சாக்கடையில் ஊற்றிவிடுவார். வாரண்டி கார்டில் தேதி எழுதி முத்திரை வாங்காமல் கடையை விட்டு இறங்கக்கூடாது. மழை நாளில் கடைக்காரரும் அவசரத்தில்தான் இருப்பார்.