களைக்கொல்லியைக் குடித்த சேறு

சகோதரிகளே, மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்தால் போதும், கொல்லைப்புறம் முழுக்கப் புல் மண்டிவிடுகிறது. ஆள் கூப்பிட்டால் கூலி கட்டுப்படியாகவில்லை. அதனால்தான் நம்மில் பலர் களைக்கொல்லி மருந்தைத் தேடிப் போகிறோம். நானும் ஒரு தடவை போனவள்தான்.

2018-ல் என் வீட்டுக்காரர் உரக்கடையிலிருந்து கிளைஃபோசேட் மருந்து ஒரு பாட்டில் வாங்கி வந்தார். முதல் டேங்குக்குக் கிணற்றுத் தண்ணீர் கலந்து அடித்தார். அடுத்த டேங்குக்கு இறைக்கச் சோம்பல்பட்டு, பக்கத்துக் குட்டையின் கலங்கல் தண்ணீரை ஊற்றிவிட்டார். பதினைந்து நாளில் முதல் பாதிப் புல் காய்ந்து சருகாயிற்று. மறு பாதி கொஞ்சம் வெளிறியதோடு சரி, மறுபடி ஜம்மென்று தழைத்துவிட்டது. "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று இவர் குதித்தார். இரண்டுக்கும் அதே பாட்டில்தானே!

வேளாண்மை படித்த என் அண்ணன் மகன் வந்தபோது சொன்னேன். அவன் சிரித்தான். "அத்தை, மருந்தைச் சேறு குடிச்சிடுச்சு. புல்லுக்கு எங்கே மிச்சம்?" கலங்கல் தண்ணீரில் மிதக்கும் களிமண்ணும் மக்கிய தழையும் இந்த மருந்தைத் தம்மேல் ஒட்டவைத்துக்கொள்ளுமாம்.

எனக்குப் பகீரென்றது. பிரசவத்துக்கு வந்த நாத்தனார் கைக்குழந்தையோடு இருந்தாள். அடித்த இடத்துக்கும் கிணற்றுக்கும் இருபது அடிகூட இல்லை.

"கிணத்திலே இறங்கியிருக்குமாடா?" என்றேன்.

"இந்த மருந்து மண்ணைக் கெட்டியாப் பிடிச்சுக்கும் அத்தை, லேசிலே கீழே இறங்காது. ஆனா மழைத்தண்ணி சேறோட வழிஞ்சு கிணத்துக்குள்ளே போனா, மருந்தும் கூடவே போகும்."

எங்கள் கிணற்றுச் சுவரோ ஒரு பக்கம் இடிந்து கிடந்தது! அன்றே கொத்தனாரை அழைத்துக் கட்டினோம். அந்த மழைக்காலம் முழுதும் குடிதண்ணீர் எதிர்வீட்டிலிருந்துதான்.

இதைப் புரிந்துகொள்ள நம் அடுக்களையே போதும். எவர்சில்வர் பாத்திரத்தில் சாம்பார் ஊற்றினால் ஒரு கழுவலில் பளிச்சென்று ஆகிவிடும். பிளாஸ்டிக் டப்பாவிலோ மஞ்சள் கறையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மணல், எவர்சில்வர் மாதிரி. மக்கிய இலையும் சாணமும் பிளாஸ்டிக் டப்பா மாதிரி. கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் அடிக்கும் அட்ரசின் போன்ற மருந்துகளை இந்த மக்குதான் பெரிதும் பிடித்து வைக்கிறது. மக்கு குறைந்த மணல் நிலத்தில் அவை மழையோடு கீழே இறங்கிவிடும். நிலத்தடி நீரில் கலந்ததால்தான் 2004-ல் ஐரோப்பிய யூனியன் அட்ரசினுக்கு அனுமதி மறுத்தது.

ஆனால் பிடித்து வைப்பது வேறு, அழிப்பது வேறு. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும்வரை மருந்து அங்கேதான் இருக்கும். 2008-ல் பிரிட்டனில் நடந்ததைக் கேளுங்கள். மேய்ச்சல் புல்லுக்கு அமினோபைரலிட் என்ற களைக்கொல்லி அடித்தார்கள். மாடு அந்தப் புல்லைத் தின்றது, சாணம் எருவாகி வீட்டுத் தோட்டங்களுக்கு வந்தது. புல்லின் நாரோடு ஒட்டியிருந்த மருந்து, நார் மக்க மக்க வெளியே வந்து, தக்காளிச் செடியும் பீன்ஸ் கொடியும் இலை சுருண்டு போயின.

ஆகவே நாம் செய்யக்கூடியவை:

கிணறு, போர் பக்கம் களைக்கொல்லி வேண்டவே வேண்டாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு போட்ட உத்தரவு, பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்களைத் தவிர மற்றவர்கள் கிளைஃபோசேட் அடிக்கக் கூடாது என்றது.

மருந்து அடித்த புல்லை எருக்குழியில் போடாதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மருந்து போகாது. சந்தேகம் இருந்தால் அந்தத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

கிணற்றுச் சுவரை உயர்த்தி, சுற்றிலும் சிமெண்ட் தளம் போட்டு, மழைத்தண்ணீர் வெளியே ஓடும்படி வாட்டம் விடுங்கள்.

இலை, தழை, சாணம் போட்டு மண்ணில் மக்கைப் பெருக்குங்கள். பக்கத்து வயலில் யாராவது அடித்தாலும் ஓரளவு தடுக்கும்.

புல்லுக்கு என்ன செய்வது என்கிறீர்களா? மழை விட்ட மறுநாள், மண் ஈரமாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிட்டு, மேலே சருகும் தென்னை மட்டையும் பரப்பிவிடுகிறேன். வாசல் தளத்தின் இடுக்கில் முளைப்பதற்குக் கொதிக்கும் வடிகஞ்சி. இடுப்பு கொஞ்சம் வலிக்கிறது, வாஸ்தவம்தான். ஆனால் இப்போது எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கலக்கமில்லாமல் குடிக்கிறோம்.