உவமைக்கும் இரவலா?

மறைக்கல்வி வகுப்பில் ஒரு வினா எழுப்பினோம். ஆண்டவரின் நாள் திருடனைப் போல் வரும் என்று விவிலியம் கூறுகிறதே, அதன் பொருள் என்ன? ஆங்கில வழியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் மாணவி எழுந்து, “அது சிமிலி, ஃபாதர், ‘லைக்’ என்ற சொல் வருகிறது” என்றாள். சரியான விடைதான். “அந்த நாள் எதில் திருடனை ஒத்தது?” என்றோம். விழித்தாள். பாடநூல் அவளுக்கு அதைக் கற்பிக்கவில்லை.

“தமிழ் இலக்கணத்தால் என்ன பயன்? ஆங்கிலத்தில் மதிப்பெண் வந்தால் போதும்” என்கின்றனர் பெற்றோர். இதனை நாம் வன்மையாக மறுக்கிறோம். ஆங்கிலம் நமக்குப் பகையன்று. சிமிலி, மெட்டஃபர், ஹைபர்போலி என்று பெயர்களை ஒப்பிப்பதே கல்வி என்னும் மயக்கந்தான் பகை.

தொல்காப்பியம் உவமைக்கென்றே ஓர் இயல் வகுத்தது. உவமை வினை, பயன், மெய், உரு என நான்கு வழியில் தோன்றும் என்றது. புலிபோலப் பாய்ந்தான் என்பது வினை. மழைபோல வழங்கினான் என்பது பயன். துடி போன்ற இடை என்பது மெய், அதாவது வடிவு. பவளம் போன்ற வாய் என்பது உரு, அதாவது நிறம். தேர்வுக்கான ஆங்கிலப் பாடம் ‘லைக்’, ‘ஆஸ்’ என்னும் சொற்களைத் தேடச் சொல்கிறது; தமிழ் மரபோ எதனால் ஒத்தது என்று கேட்கச் சொல்கிறது. அப்படிக் கேட்டால் விடை எளிது: திருடனோடு ஒப்புமை எதிர்பாராது வரும் வினையில், குணத்தில் அன்று.

இது வெறும் மொழிப்பற்று அன்று. விசுவாசத்தைத் தொடும் செய்தி. இடறலாக இருக்கும் கண்ணைப் பிடுங்கி எறியச் சொன்ன ஆண்டவரின் சொல்லை உயர்வு நவிற்சி என அறியாதவர், ஒன்று அஞ்சி நடுங்குவர். அல்லது நகைத்துத் தள்ளுவர். மறைநூலாசிரியரின் கருத்தை அறிய இலக்கிய வகைகளையும் நோக்குக என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில் பணித்தது இதனாலன்றோ?

இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் நம் அணிகளைக் கற்றுத் தேர்ந்து, புனித வளனாருக்குத் தேம்பாவணி சூட்டினார். 1730இல் தொன்னூல் விளக்கம் இயற்றி, அதில் அணியிலக்கணமும் வகுத்தார். கடல் கடந்து வந்தவர் கற்றதை, இம்மண்ணில் பிறந்த நம் பிள்ளைகள் கல்லாதிருப்பது முறையோ? வேளச்சேரி ஏரிக்கரையில் குடியிருந்துகொண்டே தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நிற்கும் நிலையன்றோ இது!

பெற்றோரே, ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், அன்றைய நற்செய்தியிலிருந்து ஓர் உவமையை எடுத்துப் பிள்ளையிடம் கேளுங்கள்: எதனால் ஒத்தது? அதன் பெயரை ஆங்கிலத்தில் சொல்லட்டும், தடையில்லை. பொருளைத் தாய்மொழியில் உணரட்டும்.