இரக்கம் மட்டும் போதுமா?

பிறர் துன்பம் கண்டு இரங்குவது மனித இயல்பு. எங்கேனும் புயல் வீசிற்று, வெள்ளம் சூழ்ந்தது என்று கேட்டவுடனே நம் மக்கள் அரிசியும் துணியும் பணமுமாக அள்ளிக் கொடுக்கிறார்கள். இளைஞர்கள் குழுவாகச் சேர்ந்து லாரி பிடித்துப் புறப்படுகிறார்கள். பள்ளிகளில் வகுப்புக்கு வகுப்பு உண்டியல் சுற்றி வருகிறது. இவை யாவும் பாராட்டுக்குரியவையே. ஆயினும் இரக்கம் ஒன்றே தொண்டாகிவிடுமா? தொண்டு செய்யப் பயிற்சி வேண்டும். தொண்டர் குழுவில் பெண்களும் இருந்தே தீர வேண்டும் என்பது என் கருத்து.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். மாணவியராகிய நாம் அப்போது பிறக்கவில்லை. நம் பெற்றோர் அந்நாளை மறந்திருக்க மாட்டார்கள். சுமத்திரா தீவுக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த சுனாமி, தமிழகக் கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் முதலிய மீனவக் குடியிருப்புகள் சிதைந்தன. வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகள் பலரும் அலைக்கு இரையாயினர்.

அன்று சாதி, மதம் பாராமல் தொண்டர்கள் ஓடி வந்தார்கள். பெயர் தெரியாத உடல்களைத் தூக்கிச் சென்று அடக்கம் செய்தார்கள். வெளியூர் நகராட்சிகளிலிருந்து வரவழைக்கப்பட்ட துப்புரவுப் பணியாளர்கள், பிறர் நெருங்கவும் அஞ்சிய இடங்களில் இறங்கி வேலை செய்தார்கள். அவர்களுக்கு நாம் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆனால் அதே நாகப்பட்டினத்தில் இன்னொரு காட்சியும் இருந்தது. லாரி லாரியாக வந்து இறங்கிய பழைய துணிகள் வாங்குவாரின்றிச் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. அவற்றில் கிழிந்தவையும் உண்டு, அழுக்கானவையும் உண்டு. கடலில் உழைத்துத் தன்மானத்தோடு வாழ்ந்த மக்கள், எல்லாவற்றையும் இழந்த நிலையிலும் அவற்றைத் தொட மனமில்லாமல் ஒதுங்கினார்கள். இதில் வியப்பென்ன? நமக்கு வேண்டாததைக் கழிப்பது வேறு, பிறருக்கு வேண்டியதைக் கொடுப்பது வேறு அன்றோ? பின்னர் டில்லியைச் சேர்ந்த கூஞ்ச் என்னும் தொண்டு நிறுவனம், தேங்கிக் கிடந்த துணிகளைப் பெற்றுத் தரம் பிரித்துப் பயன்படுத்தியது. அந்நிறுவனம் பழைய பருத்தித் துணியைச் சுத்தம் செய்து, ஏழைப் பெண்களின் மாதவிலக்கு நாட்களுக்கு உதவும் துணிப்பட்டைகளையும் செய்து வருகிறது. குப்பை என்று கிடந்ததும், தேவையறிந்த கைக்கு வந்தபோது உதவியாயிற்று.

தேவையை அறிவதற்கு முதலில் கேட்க வேண்டும். நாகையில் தொண்டு நிறுவனங்கள் பல ஒரே நேரத்தில் வந்து இறங்கவே, ஓர் ஊருக்கு இருமுறை உதவி கிடைக்கவும், மற்றோர் ஊர் விடுபடவும் இடமிருந்தது. இதைத் தவிர்க்கவே மாவட்ட நிர்வாகத்தின் ஒத்துழைப்போடு ஓர் ஒருங்கிணைப்பு மையம் 2005-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஏற்படுத்தப்பட்டது. எந்த ஊருக்கு என்ன தேவை, அதை யார் கொடுக்கிறார்கள் என்று கணக்கு வைப்பது மேலுக்குச் சிறிய வேலையாகத் தோன்றலாம். பசித்தவன் வாயில் சோறு போய்ச் சேர்வது அந்தக் கணக்கினால்தான்.

இனி, பெண்களைப் பற்றிய செய்திக்கு வருகிறேன். ஆக்ஸ்ஃபாம் என்னும் அமைப்பு 2005-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கடலூர் மாவட்டத்தில் சுனாமியால் இறந்தவர்களில் ஆண்கள் 146 பேர். பெண்கள் 391 பேர். இதற்குக் காரணம் என்ன? ஆண்களில் பலர் படகேறி ஆழ்கடலுக்குச் சென்றிருந்தனர். அங்கே அலையின் வேகம் தெரியவில்லை. பெண்களோ கரையில் மீனுக்காகக் காத்திருந்தார்கள். வீட்டில் பிள்ளைகளோடு இருந்தார்கள். நீந்தவும் மரமேறவும் ஆண் பிள்ளைகள் கற்றிருந்தார்கள். பெண்களுக்கு அதை யாரும் கற்றுக் கொடுக்கவில்லை.

உயிர் பிழைத்த பெண்களின் நிலையும் எளிதன்று. முகாமில் மறைவான குளியலிடம் வேண்டும், தனிக் கழிப்பறை வேண்டும், உள்ளாடையும் மாதவிலக்குத் துணியும் வேண்டும். பொருள் கொடுக்க வருபவர் எல்லாரும் ஆண்களாக இருந்தால், ஓர் இளம்பெண் இதை யாரிடம் வாய் திறந்து கேட்பாள்? குழுவில் ஒரு பெண் தொண்டர் இருந்தால் அவள் கேட்கும் முன்பே புரிந்துகொள்வார். ஆகவே நிவாரணக் குழுவில் பெண்கள் இருப்பது அழகுக்காக அன்று, அது அவசியம்.

“பெண் பிள்ளைகளை அப்படிப்பட்ட இடங்களுக்கு எப்படி அனுப்புவது?” என்று பெற்றோர் கேட்கலாம். அவர்கள் கவலை நியாயமானதே. பயிற்சியில்லாத எவரும், ஆணாயினும் பெண்ணாயினும், இடிபாடுகளுக்குள் போவது ஆபத்து, மீட்பவர்களுக்குப் பாரமும்கூட. பள்ளி மாணவியர் வெள்ளத்தில் இறங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிற்காலத்தில் தேவைப்படும்போது கைகட்டி நிற்காதபடி, இப்போதே கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் சொல்கிறேன். 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் தத்தளித்தபோது, மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார்கள். அவர்களிடம் இரக்கம் இருந்தது. அதனோடு படகும், நீரைப் பற்றிய அறிவும் இருந்தன.

நாம் எதைக் கற்கலாம்? நீச்சல் கற்கலாம். முதலுதவியும், காயத்திற்குக் கட்டுப் போடுவதும், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை அளவாகத் தயாரிப்பதும் கற்கலாம். இளம் செஞ்சிலுவைச் சங்கமும் சாரணியர் இயக்கமும் சான்றிதழுக்காக மட்டும் இருப்பவை அல்ல என்று உணரலாம். பொருள் சேர்க்கும் நாளில், கிழிந்ததை விலக்கி, நல்லதை அளவு வாரியாகக் கட்டி, மூட்டையின் மேல் உள்ளே இருப்பதை எழுதி வைக்கலாம். பெற்றோரும் மகளை நீச்சல் வகுப்பில் சேர்ப்பதை வீண் செலவென்று எண்ணாதிருக்க வேண்டுகிறேன்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. புகைப்படக்காரர்கள் ஊர் திரும்பிய பின்பும் துன்பம் அங்கேயே இருக்கிறது. தாயை இழந்த குழந்தைக்குப் பாடம் சொல்லித் தரவும், படகை இழந்த குடும்பத்துக்கு மனுவொன்று எழுதித் தரவும் ஆள் தேவைப்படுகிறது. முதல் வாரம் போவோர் பலர். ஆறாம் மாதம் போவோர் சிலரே. அந்தச் சிலரில் நம் பள்ளி மாணவியரும் இருக்க வேண்டும்.

தோழியரே, அடுத்த புயல் எப்போது வரும் என்று நமக்குத் தெரியாது. அது வரும் நாளில் கண்ணீரோடு மட்டும் அல்லாமல், கற்ற கையோடும் செல்ல இன்றே ஆயத்தமாவோம்.