சிகிச்சை ஊருக்கு வரட்டும்

பழவேற்காட்டில் குடியை விட நினைக்கும் மீனவரிடம் "சென்னைக்குப் போய் டாக்டரைப் பாருங்கள்" என்று சொல்வது எளிது. போய்வர ஒரு நாள் தொழில் போகும். ஒரு நாளோடு சிகிச்சை முடிவதும் இல்லை. பல ஆண்டுகள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம். அதற்கு மருத்துவர் வேண்டும். பிறகு மாதக்கணக்கில் பேசித் தேற்ற மனநல ஆலோசகர் வேண்டும். ஆகவே சிகிச்சைதான் குப்பத்தைத் தேடி வர வேண்டும்.

இது நடக்காத காரியமல்ல. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, கிராமங்களிலேயே முகாம் போட்டுக் குடிநோய்க்குச் சிகிச்சை அளித்திருக்கிறது. பொன்னேரி அரசு மருத்துவமனையிலிருந்து ஓர் ஆலோசகர், வலை கரைக்கு வந்தபின், வாரம் ஒரு மாலை குப்பத்துக்கு வரட்டும். மனைவியையும் உட்காரவைத்துப் பேசட்டும்.

ஊருக்கும் கடமை உண்டு. பழவேற்காடு ஏரியில் யார், எங்கே, எந்த நாள் வலை போடுவது என்று 'பாடு' வகுத்துப் பிழைக்கும் ஊர் இது. சிகிச்சைக்குப் போனவரின் பாட்டை அவர் குடும்பத்துக்கே காத்துக்கொடுக்க ஊர்க்கூட்டம் முடிவெடுக்கலாம்.

சிகிச்சை ஊருக்கு வரும்வரை, எங்கே போவதென்று தெரியாதவர்கள் 14446 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். தனியார் மறுவாழ்வு மையமென்றால், அரசுப் பதிவு இருக்கிறதா, மருத்துவர் இருக்கிறாரா என்று கேட்காமல் யாரையும் சேர்க்காதீர்கள். குடிநோய் நோய்தான், அதற்கு அடி உதை மருந்தல்ல.