ஆமா, இல்லைன்னு ஒரு சூதாட்டம்

"இது சூதாட்டம் இல்லீங்ண்ணா, கணிப்பு. விஷயம் தெரிஞ்சவன் ஜெயிப்பான்" என்று படிச்ச பசங்களே வாதாடுறாங்க. இந்த டீம் ஜெயிக்குமா என்று செல்போன் கேட்கும். 'ஆமா' 6 ரூபாய், 'இல்லை' 4 ரூபாய். சொன்னது பலிச்சா 10 ரூபாய். புரோபோ மாதிரி ஆப்கள் நடத்தியது இதைத்தான்.

மஞ்சளுக்கு முன்பேர வர்த்தகம் இருக்கே, அது மட்டும் சரியா என்கிறார்கள். மஞ்சள் விலைக்குப் பின்னால நாமகிரிப்பேட்டையில மூட்டை இருக்குங்க. அதைக் கண்காணிக்க செபி இருக்கு. இந்த ஆமா-இல்லை வியாபாரம் தன் வரம்புக்குள் வராது, முதலீட்டாளர் பாதுகாப்பும் கிடைக்காது என்று அதே செபி 2025 ஏப்ரலில் எச்சரித்தது. இதில் ஒருத்தன் விட்ட காசுதான் இன்னொருத்தன் எடுக்கும் காசு. நடுவில் கம்பெனிக்குக் கமிஷன்.

2003-லேயே லாட்டரியை ஒழிச்ச மாநிலம் இது. ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதாவைக் கவர்னர் திருப்பி அனுப்பியும், சட்டசபை மறுபடி நிறைவேற்றி 2023-ல் சட்டமாக்கியது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று தப்பித்தன. 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் எல்லாவற்றையும் தடுத்தது. நடத்துபவனுக்கு 3 வருஷம் ஜெயில், 1 கோடி அபராதம் வரை. ஆடுபவனுக்குத் தண்டனை இல்லை.

நம்ம மாநிலச் சட்டத்திலோ ஆடினவனுக்கும் 3 மாதம் வரை ஜெயில். அதை எடுக்கணும். பையனை உள்ளே வைப்பாங்கன்னா, காசு போன வீட்டுக்காரன் ஸ்டேஷன் படி ஏறுவானா? அவன் வாய் திறக்காத வரை நடத்துறவனுக்குத்தான் லாபம்.